படத்துல வர்ற 'பாண்டி', 'பெங்காலி', 'கறுப்பன்': பிள்ளைங்களோட உட்கார்ந்து எண்ண ஒரு தாள் வேணும்

வாயனசாலைத் திண்ணை கேட்டது:

பாலக்காட்டுல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாயனசாலைங்க, அதாவது ஊர் நூலகம். அதோட பிள்ளைங்க மன்றமான பாலவேதியில முப்பது பேர், எட்டாவதுல இருந்து பிளஸ் ஒன் வரைக்கும். பாதிப் பேர் தமிழ் மீடியம், மீதி மலையாள மீடியம். வீட்டுல பேசறது தமிழ், டி.வி.யில ஓடறது ரெண்டும். பக்கத்துப் பள்ளியோட சேர்ந்து ஆறு சனிக்கிழமை, தலா ரெண்டு மணி நேரம், சினிமா நிறத்தையும் இனத்தையும் எப்படிக் காட்டுதுன்னு ஒரு பயிற்சி வெக்கலாம்னு கமிட்டியில முடிவாகியிருக்கு.

பிரசங்கம் வேண்டாம். பிள்ளைங்களே பார்த்து, எண்ணி, கண்டுபிடிக்கட்டும்ங்கறதுதான் யோசனை. மலையாளப் படத்துல தமிழ் ஆள் எப்படி வர்றான் (கேலியா 'பாண்டி'ம்பாங்க), தமிழ்ப் படத்துல மலையாளி எப்படி வர்றார், ரெண்டுலயும் ஆப்பிரிக்கக்காரர், வடகிழக்குக்காரர், ஆதிவாசி எப்படி வர்றாங்க, நிறத்தை வெச்சு எத்தனை ஜோக்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க: எதை எண்ணறது? நிறத்தை எப்படிக் குறிக்கறது? ஒரு பிள்ளைக்கு மாநிறம், அடுத்ததுக்குக் கறுப்பு. வாயனசாலை ஹாலிலேயே படம் போடலாமா? எந்த நிறப் பொம்மை நல்லதுன்னு குழந்தைங்ககிட்ட கேட்டு அமெரிக்காவுல பண்ணின பொம்மைச் சோதனையை இங்கேயும் பண்ணலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு, அது சரியா வருமா? கடைசியில ஏதாவது மாறிச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

---

கணக்குப்பிள்ளை:

"வில்லன்ல எத்தனை பேர் கறுப்பு"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க, கணக்கு அங்கதான் கவிழும். ஒரு படத்துல 12 அடியாள்ல 9 பேர் கறுப்புன்னு பிள்ளைங்க ஆவேசமா எழுதிட்டு வரும். அதே படத்துல வாய் திறந்து பேசற 80 பேர்ல 60 பேர் கறுப்புன்னா? ரெண்டும் நூத்துக்கு 75தான். அடியாளுக்குன்னு தனியா நிறம் பார்த்து ஆள் பிடிக்கலைன்னு அர்த்தம். அதனால படத்துல பேசற எல்லாரையும் எழுதணும், நாம தேடற ஆளை மட்டும் இல்ல.

ஒரு ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள்: பேர் உண்டா, தொழில் என்ன, எத்தனை வரி பேசறார், திரையில எத்தனை நொடி, அவருக்கு வீடோ குடும்பமோ காட்டறாங்களா, அவரை என்ன பட்டப்பேர் சொல்றாங்க, சொன்னது யாரு, சிரிச்சது யாரு, மறுத்தது யாரு, அவர் வரும்போது என்ன இசை.

ஒரு மாதிரி சீனை வெச்சு நிரப்பிக் காட்டறேன். இது எந்த ஒரு படமும் இல்ல, பார்த்துப் பார்த்துப் புளிச்ச அச்சு. லாரி நிக்குது. கிளீனர் குதிச்சு இறங்கறான். நெத்தி நிறையத் திருநீறு, மஞ்சச் சட்டை, கழுத்துல கர்ச்சீப். வாயைத் திறக்கறதுக்கு முந்தியே பின்னால டப்பாங்குத்து அடி கிளம்பிடும். "என்னா சார்"ங்கறான். நாயகன் "போடா பாண்டி"ங்கறார். சுத்தி நிக்கறவங்க சிரிக்கறாங்க. கட். தாள்ல இது இப்படி விழும்: பேர் இல்லை, தொழில் கிளீனர், வரி 1, நொடி 14, வீடு இல்லை, பட்டப்பேர் 'பாண்டி', சொன்னவர் நாயகன், சிரித்தவர் சுற்றி நிற்பவர், மறுத்தவர் இல்லை, இசை டப்பாங்குத்து.

இதையே திருப்பிப் போட்டா தமிழ்ப் படத்து டீக்கடை நாயர். அங்கேயும் பேர் இருக்காது, 'நாயர்'ங்கறதே பேர். தெலுங்குக்காரர் வந்தா 'கொல்ட்டி'. ரெண்டு பக்கத்துப் படத்தையும் ஒரே தாள்ல எண்ணினாத்தான் முப்பது பேரும் உட்கார்ந்து எண்ணுவாங்க. ஒரு பக்கம் மட்டும் எண்ணினா பாதி வகுப்பு கையைக் கட்டிட்டு வேடிக்கை பார்க்கும். இன்னொண்ணு: அசாம், ஒடிசா, பீகார், வங்காளம் எங்கிருந்து வந்த தொழிலாளியா இருந்தாலும் கேரளத்துல பேச்சுவழக்குல 'பெங்காலி'தான். அரசாங்கம் 'அதிதி தொழிலாளி'ங்குது, படம் எதைச் சொல்லுதுன்னு பாருங்க. அந்த ஆள் எந்த ஊர்னு படத்துல தெரியுதாங்கறதுக்கும் ஒரு கட்டம் போட்டுடுங்க.

எல்லாத்துலயும் முக்கியம் அந்த 'மறுத்தவர்' கட்டம். வில்லன் 'பாண்டி'ன்னு சொல்லி அதுக்கே அறை வாங்கறதும், நாயகன் சொல்லிக் கைதட்டு வாங்கறதும் வார்த்தைக் கணக்குல ஒண்ணுதான். பார்க்கறவன் மனசுல ஒண்ணு இல்ல.

படத்தை நீங்க தேர்ந்தெடுக்காதீங்க. ஞாபகத்துக்கு வர்ற படம் எல்லாமே ஏற்கெனவே கோபம் வந்த படமாத்தான் இருக்கும். ஒரு மாசத்து ஞாயித்துக்கிழமை டி.வி. நிகழ்ச்சி நிரலை எடுத்து, ரெண்டு மொழியிலயும் வர்ற படங்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, மொழிக்கு மூணு எடுங்க. முழுப்படம் ரெண்டரை மணி நேரம், உங்களுக்கு நேரம் பத்தாது. படத்துக்கு மூணு பகுதி, பகுதிக்கு 10 நிமிஷம், தொடங்கற நிமிஷத்தையும் குலுக்கியே எடுங்க. இதுல ஒரு ஓட்டை உண்டு: ஆளோட பேர் நாம பார்க்காத பகுதியில வந்திருக்கலாம். அதனால 'பேர் இல்லை'ன்னு எழுதாம 'இந்தப் பகுதியில் பேர் இல்லை'ன்னு எழுதணும். தாளை ஒட்டுமொத்தமாக் கூட்டும்போது இந்த ஒரு வார்த்தைதான் காப்பாத்தும்.

ஒரே பகுதியை ரெண்டு ஜோடி தனித்தனியா, பேசிக்காம நிரப்பணும். அப்புறம் ஒத்துப்போச்சான்னு பாருங்க. "50 சீன்ல 40 ஒத்துப்போச்சு, 80 சதவீதம்"னு நிறுத்தக்கூடாது, குருட்டாம்போக்குல எழுதினாலே பாதி ஒத்துப்போகும். கணக்கு இப்படி. முதல் ஜோடி 20 சீனைக் கேலின்னு குறிச்சது, ரெண்டாவது 24. ரெண்டும் கேலின்னது 17, ரெண்டும் இல்லைன்னது 23. தற்செயலா ஒத்துப்போகக்கூடியது: 0.40 × 0.48 கூட்டல் 0.60 × 0.52, ஆக 0.504. நிஜமா ஒத்துப்போனது 0.80. (0.80 − 0.504) ÷ (1 − 0.504) = கிட்டத்தட்ட 0.60. இதைக் கோஹனோட கப்பாம்பாங்க. பிளஸ் ஒன் பிள்ளைங்க போட்டுடும். 0.67-க்குக் கீழ வந்தா அந்தக் கட்டத்தோட முடிவை வெளியில சொல்லாதீங்க. பிள்ளைங்களைத் திட்டவும் வேண்டாம், அனேகமாக் கட்டத்தோட விளக்கம்தான் மொட்டையா இருக்கும். 'கேலி'ங்கற ஒரே வார்த்தைக்குப் பதிலா 'அந்த ஆளோட நிறம், மொழி, ஊர், சாதி இதுல ஒண்ணைச் சொல்லி, அதுக்காகவே படத்துல ஒருத்தராவது சிரிக்கிறது'ன்னு எழுதிப் பாருங்க, எண் தானா ஏறும்.

---

ஒளிமேசை:

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற மூன்று சொல் போதாது. நம் ஊரில் அவை நிறத்தை மட்டும் சொல்பவையும் அல்ல, கல்யாணப் பேச்சில் புழங்கும் சொற்கள். சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கி 2022-ல் கூகுள் வெளியிட்ட பத்துப் படிச் சாயல் அளவுகோல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவத்தில் புழங்கும் ஆறு படி அளவுகோல் வெயிலில் தோல் எப்படிக் கன்றும் என்பதற்காகச் செய்தது, இதற்குப் பொருந்தாது.

அச்சடித்துக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள். கடை பிரிண்டரில் மை மாறும், காகிதத்தில் படும் டியூப்லைட் வேறு, திரையின் வெளிச்சம் வேறு. அளவுகோலையே அதே திரையில், காட்சியின் பக்கத்தில் ஓர் ஓரமாக நிறுத்துங்கள். டி.வி. 'விவிட்' நிலையில் இருந்தால் 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' நிலைக்கு மாற்றிவிட்டு ஆறு வாரமும் கை வைக்காதீர்கள். ப்ரொஜக்டர் என்றால் ஜன்னலை மூடிய பிறகுதான் குறிக்க வேண்டும்.

ஒரே நடிகர் பாட்டில் 3-ஆம் படி, இரவுச் சண்டையில் 8-ஆம் படி என்று விழுவார். எனவே ஒவ்வொருவருக்கும் பகல் வெளிச்சத்தில் முகம் நேராகத் தெரியும் ஒரு ஃப்ரேமை நிறுத்தி, நெற்றியைவிட்டுக் கன்னத்தில் குறியுங்கள் (நெற்றி பளபளக்கும்). அப்படி ஒரு ஃப்ரேமே கிடைக்காவிட்டால் 'பகல் ஃப்ரேம் இல்லை' என்று எழுதுங்கள். சில பாத்திரங்களுக்கு மட்டும் பகலே இல்லை என்று தெரியவந்தால், அது நிறத்தைவிடப் பெரிய செய்தி.

மேக்கப்பில் கறுப்பாக்கிய ஆளுக்குத் தனிக் கட்டம் வேண்டும். வெளுத்த நடிகைக்குக் கறுப்புப் பூசி ஏழை வீட்டுப் பெண்ணாகவோ ஆதிவாசிப் பெண்ணாகவோ நிறுத்துவது நம் பக்கம் சகஜம். காதின் பின்புறம், விரல் இடுக்கு, பாதத்தின் ஓரம் இவற்றில் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் 1830-களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரை நடித்துக் காட்டினார்கள். அதில் தாமஸ் ரைஸ் என்பவர் ஆடிய கோமாளிப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. பின்னாளில் கறுப்பரைப் பிரித்துவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் பேண்ட், சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். படத்தில் ஆதிவாசி என்றால் இலையும் ஈட்டியும். உடை என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

"ஃபிலிம் அப்படித்தான் பதிவாகும், யார் தப்பும் இல்லை" என்று யாராவது சொல்வார்கள். கோடாக் ஆய்வகங்களில் நிறம் சரிபார்க்கப் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டைதான் அளவு. 'ஷெர்லி அட்டை' என்பார்கள். கருந்தோல் அதில் சேறாகத்தான் விழுந்தது. ஃபிலிமைத் திருத்தவைத்த நெருக்கடிகளில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? தங்கள் பண்டத்தின் பழுப்பு விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்ற சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளிடமிருந்து.

இதை மறக்க வேண்டாம்: அந்த அளவுகோல் திரைக்கு மட்டும். ஒரு பிள்ளை தன் கையையோ பக்கத்துப் பிள்ளையின் கையையோ அதில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தால் அன்றைய வகுப்பு அதோடு போயிற்று. கையில் அட்டையாகக் கொடுக்காமல் திரையிலேயே வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

---

வேலந்தாவளம் டீ:

எல்லாம் சரி மாஷே. ஆனா இங்க 'பாண்டி'ன்னு சொல்றவன் படம் பார்த்தா கத்துக்கிட்டான்? அவன் தாத்தாவே சொல்லியிருப்பாரு. நாம 'கொல்ட்டி'ன்னு சொல்றதும் அப்படித்தான். வீட்டுல இருக்கறதைத்தானே படம் காட்டுது?

---

கணக்குப்பிள்ளை:

பாதி சரிங்க. வார்த்தையைப் படம் கண்டுபிடிக்கல. ஆனா தாத்தா பத்துப் பேர்கிட்ட சொன்னார், படம் லட்சம் பேர்கிட்ட சொல்லுது, அதுவும் நாயகன் வாயால.

நேரடிப் பழக்கம் இருக்கற இடத்துல படத்தோட பிடி தளரும். உங்க கடையில தினம் பொள்ளாச்சி டிரைவரும் சித்தூர் மாஷும் ஒரே பெஞ்சுல உட்காருவாங்க, அங்க படத்து 'பாண்டி' அவ்வளவா எடுபடாது. நைஜீரியாக்காரரை அந்தப் பெஞ்சுல எத்தனை பேர் பார்த்திருப்பாங்க? 1999-ல யூகி ஃபுஜியோகா இதைத்தான் ஆராய்ஞ்சார். அமெரிக்கக் கறுப்பரோட பழகவே வாய்ப்பில்லாத ஜப்பானிய மாணவர்கள்கிட்ட டி.வி. சித்திரத்தோட பாதிப்பு கூடுதலா இருந்தது. அதனால உங்க பிள்ளைங்ககிட்ட தமிழ்-மலையாளக் கிண்டலைவிட, ஆப்பிரிக்கர்னா போதைமருந்து, வடகிழக்குன்னா 'சைனாக்காரன்'ங்கற சித்திரம் ஆழமாப் பதிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு சனிக்கிழமையாவது அதுக்கு ஒதுக்குங்க.

படம் நிஜமாவே மாத்துமான்னா, 1915-ல வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' இருக்கு. குக்ளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை வீரர்களாக் காட்டின படம். செத்துப்போன அந்த இயக்கத்துக்கு அதே வருஷம் ஜார்ஜியாவுல மறுபடி உயிர் வந்தது. இன்னும் நமக்கு நெருக்கமான சேதி: பீட்டர்சனும் தர்ஸ்டனும் 1930-களோட தொடக்கத்துல இதே படத்தை, கறுப்பர் அரிதா இருந்த இல்லினாய் ஊர் ஒண்ணுல பள்ளிப் பிள்ளைங்களுக்குப் போட்டாங்க. முன்னாடியும் பின்னாடியும் கேள்வித்தாள். கறுப்பர் மேல இருந்த நல்லெண்ணம் சரிஞ்சது. அஞ்சு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும் அதுல பெரும்பகுதி மீளல.

இதுலதான் உங்க பயிற்சிக்கு ஆபத்து. "பாருங்க, எவ்வளவு மோசம்"னு மோசமான சீனை வரிசையா ஓட்டினா, நீங்களே ஆறு வாரம் அந்தச் சித்திரத்தை ஊட்டின மாதிரி ஆயிடும். ஒரு சீனைச் சத்தத்தோட ஒரு தடவைதான் ஓட்டணும். ரெண்டாந்தடவை சத்தத்தை மூடி ஓட்டுங்க. இசையும் சிரிப்பும் இல்லாம அந்தக் கிளீனர் சீன்ல மிஞ்சறது, ஒருத்தன் லாரியை விட்டு இறங்கி இன்னொருத்தர்கிட்ட ஏதோ கேக்கறது, அவ்வளவுதான்.

நையாண்டியை நம்பாதீங்க. இனவெறி பிடிச்ச அப்பா ஒருத்தரைக் கேலி பண்ணவே எடுத்த 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரை 1974-ல விட்மரும் ரோகீச்சும் ஆராய்ஞ்சாங்க. வெறுப்பு கூடுதலா இருந்தவங்களுக்கு அந்த அப்பாதான் ஹீரோ. "இது கிண்டல்தானே, பிள்ளைங்களுக்குப் புரியும்"ங்கற நெனப்பு வேண்டாம்.

"அப்படி நினைக்காதே"ன்னு சொல்றதும் பலிக்காது. ஒரு கூட்டத்தைப் பத்தின அச்சுச் சித்திரத்தை அடக்கி வெச்சுட்டு எழுதச் சொன்னா, அப்புறம் அது முன்னைவிட வேகமாத் திரும்பி வருதுன்னு மக்ரே குழு 1994-ல காட்டியிருக்கு.

---

வேலந்தாவளம் டீ:

அப்போ எதுதான் பலிக்கும்?

---

கணக்குப்பிள்ளை:

"மத்தவங்க என்ன நினைக்கறாங்க"ன்னு நாம வெச்சிருக்கற கணிப்பு. 1994 படுகொலைக்கு ருவாண்டாவுல ஒரு ரேடியோ எண்ணெய் ஊத்திச்சு. பத்து வருஷம் கழிச்சு அதே நாட்டுல சமாதானத்துக்குன்னு ஒரு ரேடியோ நாடகம் தொடங்கினாங்க. எலிசபெத் பலக் ஒரு வருஷம் சில ஊர்களுக்கு அதையும் வேற ஊர்களுக்கு உடல்நல நாடகத்தையும் கூட்டமாக் கேக்கவெச்சு ஒப்பிட்டார், 2009-ல வெளிவந்தது. சொந்த நம்பிக்கை பெருசா அசையல. எது முறை, எது முறையில்லைங்கற கணிப்பும் நடத்தையும் மாறிச்சு. அதனால பாலவேதியில கேக்கவேண்டிய கேள்வி "நீ என்ன நினைக்கறே" இல்ல, "இந்த ஜோக்குக்கு இந்த முப்பது பேர்ல எத்தனை பேர் சிரிப்பாங்க".

---

ரீல் பெட்டி:

ஹால் விஷயம். காப்புரிமைச் சட்டம் 52(1)(j) பிரிவு கல்வி நிறுவனத்துக்கு விலக்கு தருது: நிறுவனத்தோட நடவடிக்கையா இருக்கணும், பார்க்கறது ஆசிரியர், மாணவர், பெற்றோர் அல்லது காப்பாளர், அந்த நடவடிக்கையோட சம்பந்தப்பட்டவங்க மட்டுமா இருக்கணும். வாயனசாலை கல்வி நிறுவனம்னு வாதாடிட்டு நிக்க வேண்டாம். படம் ஓட்டறதைப் பள்ளியில, பள்ளி நிகழ்ச்சியா வைங்க. தாள் நிரப்பறதும் கூட்டறதும் வாயனசாலையில நடக்கட்டும். போஸ்டர் ஒட்டி ஊரைக் கூப்பிட்டா விலக்கு போயிடும்.

முதல் சனிக்கிழமை படமே வேண்டாம், விளம்பரம் போதும். முப்பது நொடியில ஆள், நிறம், முடிவு மூணும் வந்துடும், தாளைப் பழக்க நல்லது. 1975-ல இருந்து 'ஃபேர்'னு பேர் வெச்சு வித்த முகக்கிரீம் 2020-ல 'க்ளோ'ன்னு மாறிச்சு. கறுப்பா இருக்கறவரை அழகில்லாதவரா, சோகமா, தோத்தவராக் காட்டக்கூடாதுன்னு விளம்பரத் தர மன்றம் 2014-ல விதி போட்டுது. அதுக்கு முந்தின மூணு, பிந்தின மூணு எடுத்து, கிரீம் பூசறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு முகம் எப்படி இருக்குன்னு மட்டும் குறிக்கச் சொல்லுங்க.

சென்சார் எப்படி விட்டுதுன்னு பிள்ளைங்க கட்டாயம் கேக்கும். 1991 வழிகாட்டுதல்ல இனம், மதம், மற்ற பிரிவினரை இழிவுபடுத்தற காட்சியும் சொல்லும் கூடாதுன்னே இருக்கு. கூடவே, படத்தை முழுசா, அதோட ஒட்டுமொத்தத் தாக்கத்தை வெச்சுத்தான் பார்க்கணும்னும் இருக்கு. பதினாலு நொடிக் கிளீனர் அந்த இடுக்குல புகுந்து வந்துடறான்.

---

வாயனசாலைத் திண்ணை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பொம்மைச் சோதனையும் கடைசிக் கேள்வித்தாளும்தான் பாக்கி.

---

கணக்குப்பிள்ளை:

பொம்மைச் சோதனை வேண்டாம். கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 253 கறுப்பினக் குழந்தைங்ககிட்ட, நிறம் தவிர எல்லாம் ஒண்ணான பொம்மைங்களைக் காட்டி எது நல்ல பொம்மை, எது கெட்டதுன்னு கேட்டாங்க. கடைசியா "எது உன்னை மாதிரி"ன்னு கேட்டப்ப சில குழந்தைங்க அழுதுட்டே வெளியில ஓடிச்சு. 1954 தீர்ப்புல பள்ளிப் பிரிவினையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து பண்றப்ப அடிக்குறிப்புல கிளார்க்கோட வேலையும் இடம்பெற்றது. பலன் பெருசுதான். ஆனா மூணுல இருந்து ஏழு வயசுக் குழந்தைங்களைத் தனித்தனியா உட்காரவெச்சுப் பண்ணினது அது. உங்க பாலவேதியில அந்தக் கேள்வியை நாலு பேர் முன்னாடி ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைகிட்ட கேட்டா, அந்தப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை வராது.

கேள்வித்தாள் ரெண்டே கேள்வி. ஜோக் ஒண்ணை எழுத்துல குடுத்து, "உனக்குச் சிரிப்பு வந்துச்சா", "இந்த முப்பது பேர்ல எத்தனை பேர் சிரிப்பாங்க". முதல் வாரம் ஒரு தடவை, ஆறாவது வாரம் ஒரு தடவை, அஞ்சு மாசம் கழிச்சு ஒரு தடவை. முதல் வாரக் கணக்குல ரெண்டாவது கேள்விக்கு வந்த சராசரி, நிஜமாச் சிரிச்சவங்க எண்ணிக்கையைத் தாண்டியிருந்தா, அந்த ரெண்டு எண்ணையும் ரெண்டாவது வாரம் கரும்பலகையில எழுதுங்க. விளக்கம் எதுவும் சொல்லாதீங்க, பிள்ளைங்களே பார்த்துக்கும். தாண்டலைன்னா எழுதாம விட்டுடுங்க. எழுதினா, "எல்லாரும்தான் சிரிக்கறாங்க"ன்னு நீங்களே முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்.

முடிஞ்சா முப்பது பேரைச் சீட்டுக் குலுக்கி ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு இப்பவும் மறுபாதிக்கு ரெண்டு மாசம் கழிச்சும் நடத்துங்க. ஆறாவது வாரம் ரெண்டு பாதியையும் ஒப்பிடலாம். பதினஞ்சுக்குப் பதினஞ்சுல ரெண்டு மூணு பேர் வித்தியாசத்தை வெச்சு எதையும் அறிவிச்சுடாதீங்க, அது சும்மாவே வரும்.

தாள்ல பேர் எழுதவேண்டாம். பாட்டி பேரோட முதல் எழுத்து, வீட்டு நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம், இது போதும், மூணு தாளையும் சேர்த்துப் பார்க்க. மாஷோ டீச்சரோ கையில வாங்கினா எல்லாரும் "சிரிப்பு வரலை"ன்னுதான் எழுதும். வாசல்ல மூடியில ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பா ஒண்ணு வெச்சுட்டு, எல்லாப் பிள்ளைங்களும் கிளம்பினப்புறம் திறங்க.